பட்டா உள்ளவருக்கு மானியம், இல்லாதவருக்கு மண்வெட்டி

தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கும் சிறு, குறு விவசாயிக்கு அரசு 100 விழுக்காடு மானியம் தருகிறது. மற்ற விவசாயிகளுக்கு 75 விழுக்காடு. ஒன்றிய அரசின் நுண்ணீர்ப் பாசனத் திட்ட நிதியோடு மாநில அரசு தன் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. நெருக்கமாகக் குழாய் பதிக்க வேண்டிய பயிர் என்றால் ஒரு ஹெக்டேருக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு பிடிக்கும். ஐந்து ஏக்கருக்குள் நிலம் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவை அரசே ஏற்கிறது. ஏழு ஆண்டுகள் கழித்து அதே நிலத்துக்கு மீண்டும் வாங்கிக்கொள்ளலாம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு இது தேவையான திட்டம்தான். கொள்ளிடக் கரை ஊர்களையும் புள்ளம்பாடி வாய்க்கால் பாயும் ஊர்களையும் விட்டுவிட்டால், மிச்சமிருப்பதில் பெரும்பகுதி மழையையும் கிணற்றையும் நம்பிய மண். வேப்பந்தட்டையிலும் வேப்பூரிலும் பருத்தியும் மக்காச்சோளமும், செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம், ஆண்டிமடத்திலும் செந்துறையிலும் முந்திரி. இங்கே நீரைச் சேமிக்க அரசு செலவிடுவதை யாரும் குறை சொல்ல முடியாது.

நாம் கேட்பது வேறு. நீரையும் மண்ணையும் காப்பாற்றுவதற்காக ஒதுக்கப்படும் பொதுப்பணம் யார் நிலத்தில் போய் நிற்கிறது? அந்த நீரையும் மண்ணையும் காப்பாற்றும் வேலையைச் செய்கிற கைகளுக்கு அதில் என்ன கிடைக்கிறது?

விண்ணப்பத்தின் முதல் தாள்

சொட்டுநீர் மானியத்துக்கு விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும்? கணினிச் சிட்டா, அடங்கல், புல வரைபடம், வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று, ஆதார், குடும்ப அட்டை. முதலில் நிலம் வேண்டும். அந்த நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும். பிறகு அதில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருக்க வேண்டும். கிணறு இல்லாதவருக்கும் துணைத் திட்டம் இருக்கிறது. பாதுகாப்பான குறுவட்டங்களில் சொட்டுநீர் அமைப்பவருக்கு ஆழ்துளைக் கிணறு போட 25,000 ரூபாய், மோட்டார் வாங்க 15,000 ரூபாய். ஆனால் இன்றைக்கு 25,000 ரூபாயில் எத்தனை அடி இறக்க முடியும் என்பது போர் போட்டவருக்குத் தெரியும். மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். அப்படிப் போட முடிந்தவர்தான் 'இலவசமாக' வரும் சொட்டுநீரின் கதவைத் தொட முடியும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் 31 விழுக்காட்டினர் பட்டியல் சமூகத்தவர். அரியலூரில் 23 விழுக்காட்டினர். மாநில அளவு 20 விழுக்காடு. அதாவது இந்த இரு மாவட்டங்களிலும் தலித் மக்கள் மாநில சராசரியை விட அதிகம். நிலம் அந்த விகிதத்தில் இருக்கிறதா? நாடு முழுக்கப் பார்த்தால், 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் பட்டியல் சமூகத்தவர் பயிர் செய்யும் பரப்பு மொத்தத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே. மக்கள்தொகையில் அவர்கள் 16.6 விழுக்காடு. வேளாண்மையில் உழைக்கும் பட்டியல் சமூகத்தவரில் பத்துப் பேருக்கு ஏழு பேர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வேலை செய்பவர்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஊருக்கும் சேரிக்கும் நடுவே நடந்து பார்த்த எவருக்கும் இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

கணக்கு எளிது. நிலம் சாதிப்படி பிரிந்திருக்கிறது. மானியம் நிலப்படி போகிறது. எனவே மானியமும் சாதிப்படியே போய்ச் சேருகிறது. விண்ணப்பத்தில் சாதியை யாரும் கேட்கத் தேவையில்லை. சிட்டாவே அதைச் சொல்லிவிடுகிறது.

பூஜ்ஜியத்தில் இருபது விழுக்காடு

அரசுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. 2022-23 வேளாண் நிதிநிலை அறிக்கையில், வேளாண் இயந்திரங்களும் மதிப்புக்கூட்டும் கருவிகளும் வாங்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதலாக 20 விழுக்காடு மானியம் அறிவிக்கப்பட்டது. நல்ல அறிவிப்பு. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் தலித் விவசாயிக்கு அது உதவும். ஆனால் நிலமே இல்லாதவருக்கு? பூஜ்ஜியத்தில் 20 விழுக்காடு கூட்டினாலும் பூஜ்ஜியம்தான்.

குத்தகைக்குப் பயிர் செய்பவரின் நிலை இதைவிடச் சிக்கலானது. நிலமற்ற குடும்பங்கள் பல ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கரை வாரத்துக்கோ குத்தகைக்கோ பிடித்து உழுகின்றன. பெரும்பாலும் எல்லாம் வாய்ப்பேச்சு. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் உடைமையாளர் எழுதிக் கொடுப்பதில்லை. கேட்டால் அடுத்த ஆண்டு வேறு ஆள். கேட்பவர் சேரிக்காரர் என்றால் குத்தகை மட்டுமல்ல, கூலி வேலையும் நின்றுபோகும். எழுத்தில் இல்லாத குத்தகைதாரருக்கு நுண்ணீர்ப் பாசன மானியம் இல்லை. ஒன்றிய அரசின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டமும் நிலம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும்தான். அவர் உழுகிற நிலத்துக்கான பணம் உழாதவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

2025இல் இதற்கு இன்னொரு பூட்டும் வந்தது. விவசாயிகள் தங்கள் நில விவரங்களை ஆதாரோடு இணைத்துப் பதிவு செய்து தனித்துவ அடையாள எண் பெற வேண்டும் என்றும், திட்டப் பயன்களுக்கு அந்த எண் தேவைப்படும் என்றும் அரசு அறிவித்தது. காகிதத்தில் இருந்த விலக்கல் கணினிக்குள் போகிறது. நில ஆவணத்தில் பெயர் இல்லாதவர் இனி 'விவசாயி' என்ற சொல்லுக்குள்ளேயே வரமாட்டார்.

ஏரியை யார் வெட்டினார்கள்?

நீர்ப் பாதுகாப்பு என்றால் குழாய் மட்டுமல்ல. ஏரி, குளம், வரத்து வாய்க்கால், பண்ணைக்குட்டை எல்லாமும்தான். அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் அருகே ராஜேந்திரன் சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டினான் என்று பெருமையோடு சொல்கிறோம். மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 1858இல் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடைந்தால் ஊர்க்காரர்களை வேலைக்கு இழுத்துவர அது அதிகாரம் தந்தது. மரபான குடிமராமத்திலும், மடை திறந்து நீர் பங்கிடும் நீர்க்கட்டி வேலையிலும் பல ஊர்களில் நின்றவர்கள் தலித்துகள். நீரைப் பங்கிடத் தெரிந்தவருக்கு அந்த நீர் பாயும் நிலத்தில் பங்கில்லை.

இன்றைக்கு வருவோம். 2008இல் நூறு நாள் வேலைத் திட்டம் இந்த இரு மாவட்டங்களுக்கும் வந்தது. அதில் ஏரியையும் வாய்க்காலையும் தூர்வாரியவர்கள் யார்? தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். பட்டியல் சமூகத்தவரின் பங்கு அவர்களின் மக்கள்தொகை விகிதத்தை விட அதிகம். பண்ணைக்குட்டையை அவர்கள் வெட்டுகிறார்கள். கூலி அன்றோடு தீர்ந்துபோகிறது. குட்டை நில உடைமையாளரின் சொத்தாக நிற்கிறது. ஏரியில் தேங்கும் நீர் ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்குப் பாய்கிறது.

நிர்வாகத்திலும் இதே கதைதான். பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க 2000ஆம் ஆண்டு சட்டம் வந்தது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே மராமத்துப் பணிகள் ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம் கொடுக்கப்பட்டன; 10 விழுக்காடு சங்கத்தின் பங்கு, மீதி அரசுப் பணம். சங்கத்தில் இடம் ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுபவர், துணி துவைப்பவர், மீன் பிடிப்பவர், ஏரிக்குள் கூலிக்கு மண் அள்ளுபவர் ஆகியோருக்கு ஏரி மேல் உரிமையும் இல்லை, பேச்சும் இல்லை. ஏரியின் வண்டல் மண்ணை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்க 2024இல் அரசு நடைமுறையை எளிதாக்கி, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்றது. வளமான வண்டல் பொதுச்சொத்து. அதை வயலில் கொட்ட வயல் வேண்டுமே?

அதே ஆண்டு 206 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். பசுந்தாள் உர விதை, மண்புழு உரப்படுக்கை, களர் நிலச் சீர்திருத்தம் எல்லாம் நல்லவை. ஆனால் பசுந்தாளை மடக்கி உழுபவரும் சாணம் சுமப்பவரும் அந்தத் திட்டத்தின் எந்தப் பட்டியலிலும் பயனாளி இல்லை.

சேமித்த நீர் எங்கே போகிறது?

சொட்டுநீர் வந்தால் களை குறையும். செடியின் வேருக்கு மட்டும் நீர் போவதால் இடைவெளி காய்ந்து கிடக்கும். விவசாயிக்கு அது லாபம். களை எடுக்கப் போகும் பெண்ணுக்கு அது கூலி இல்லாத நாள். மக்காச்சோளத்தில் களைக்கொல்லி வந்து ஏற்கெனவே களை எடுப்பு நாட்களைத் தின்றுவிட்டது. இயந்திரமும் குழாயும் வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. குனிந்து களை பிடுங்குவது யாருடைய விதியும் அல்ல. அந்த வேலையிலிருந்து விடுதலை கிடைப்பது நல்லதே. ஆனால் அரசுப் பணத்தில் ஒரு குடும்பத்தின் செலவு குறையும்போது, அதே பணத்தால் இன்னொரு குடும்பத்தின் வருமானம் குறைகிறது என்றால், அந்த இரண்டாவது குடும்பத்துக்கும் திட்டத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லை.

சேமித்த நீராவது நிலத்தடியில் தங்குகிறதா? அதற்கும் உறுதி இல்லை. விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். எவ்வளவு இறைத்தாலும் கேள்வி இல்லை. அரை ஏக்கருக்குப் போதாமல் இருந்த கிணறு சொட்டுநீரால் ஒரு ஏக்கருக்குப் போதும் என்றானதும், மீதி அரை ஏக்கரிலும் வெங்காயம் வைக்கவே எவரும் நினைப்பார். அது அவரது தவறல்ல, திட்டம் அப்படி. நீர்மட்டம் இறங்கினால் ஆழப்படுத்தப் பணம் இருப்பவர் ஆழப்படுத்துகிறார். பக்கத்திலேயே முக்கால் ஏக்கரில் ஆழமில்லாத கிணறு வைத்திருக்கும் தலித் விவசாயியின் கிணறு முதலில் வற்றுகிறது. அவரும் மறுபடி கூலிக்குப் போகிறார். நிலத்தடி நீர் யாருடைய பட்டாவிலும் இல்லை. ஆனால் மேலே இருக்கும் பட்டாவும் மோட்டாரும் அதைத் தனிச்சொத்தாக்கிவிடுகின்றன.

அமெரிக்கக் கறுப்பர்களுக்கு நடந்தது

நிலத்தைப் பார்த்து மானியம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா பழைய சாட்சி. 1933இல், பருத்தி விலை வீழ்ந்தபோது, பயிர் செய்யாமல் நிலத்தைப் போட்டு வைக்க அரசு விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. காசோலை நில உடைமையாளர் பெயரில் போனது. அதில் குத்தகைதாரருக்கும் வாரத்துக்கு உழுபவருக்கும் பங்கு தர வேண்டும் என்று விதி இருந்தது. தென் மாநிலங்களில் பலர் தரவில்லை. பயிர் குறைந்ததால் ஆளும் தேவையில்லை என்று குத்தகைக் குடும்பங்களையே வெளியேற்றினார்கள். அவர்களில் ஏராளமானோர் கறுப்பின மக்கள். 1934இல் ஆர்கன்சா மாநிலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகச் சேர்ந்து தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கியது இந்த வெளியேற்றத்தை எதிர்த்துத்தான்.

1985 முதல் அங்கே மண்ணைக் காக்க நிலத்தைத் தரிசாக விடுவோருக்கு அரசு ஆண்டு வாடகை தருகிறது. ஆனால் 1920இல் அமெரிக்க விவசாயிகளில் ஏழில் ஒருவராக இருந்த கறுப்பின விவசாயிகள் இன்று நூற்றில் இரண்டு பேர்கூட இல்லை. அரசு வேளாண் துறையே கடனிலும் உதவியிலும் தங்களிடம் பாகுபாடு காட்டியது என்று அவர்கள் தொடுத்த வழக்கில் 1999இல் உடன்பாடு ஏற்பட்டு, அரசு நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தந்தது. இழப்பீடு வந்தபோது பலரின் நிலம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அங்கே நிறம், இங்கே சாதி. 'விவசாயி' என்ற பொதுச்சொல் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைச் செய்கிறது: உடைமையாளரை முன்னால் நிறுத்தி உழைப்பவரை மறைக்கிறது.

"எல்லா விவசாயியும் ஏழைதானே?"

இந்த எதிர்வாதம் வரும். உண்மையும் அதில் இருக்கிறது. செந்துறையில் இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் இடைநிலைச் சாதி விவசாயி பணக்காரர் அல்ல. கடனில் இருக்கிறார், விலை கிடைக்காமல் வெங்காயத்தைக் கொட்டுகிறார். அவர் மானியத்தைப் பறிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவரும் கூலிக்காரரும் ஒரே வறட்சியில் காய்கிறார்கள். ஆனால் நிவாரணம் வரும்போது ஒருவருக்குக் காட்டச் சிட்டா இருக்கிறது, இன்னொருவருக்குக் காட்டக் கை மட்டுமே இருக்கிறது. இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்ளாமல் 'விவசாயிகள் ஒற்றுமை' பேசினால், அது நிலம் உள்ளவர்களின் ஒற்றுமையாகவே முடியும்.

இன்னொரு வாதம்: நிலம் இல்லாதவருக்கு நீர்ச் சேமிப்பு மானியம் எப்படிக் கொடுப்பது? வழி இருக்கிறது. தெலங்கானாவின் ஜாஹீராபாத் பகுதியில் தக்காண வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்த தலித் பெண்களின் சங்கங்கள் 1980கள் முதல் தரிசைத் திருத்தி, சிறுதானியம் விதைத்து, பாரம்பரிய விதைகளைக் காத்து வருகின்றன. அரசின் நிலம் வாங்கும் திட்டத்தில் நிலம் பெற்றுக் கூட்டாகவும் பயிரிட்டார்கள். மண்ணைக் காப்பது எப்படி என்று அவர்களிடம் உலகமே கேட்டது, 2019இல் ஐ.நா. அமைப்பின் ஈக்வேட்டர் பரிசு அந்தச் சங்கங்களின் உழைப்புக்குக் கிடைத்தது. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகக் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறார்கள், ஊக்கத்தொகையும் பெறுகிறார்கள். ஒடிசா 2018இல் அறிவித்த காலியா திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களுக்கும் ஆடு, கோழி, காளான் போன்ற தொழில்களுக்கு 12,500 ரூபாய் தந்தது. ஆந்திரம் 2019இல் சாகுபடி செய்பவருக்கு 11 மாத உரிமை அட்டை தரச் சட்டம் போட்டது. அதற்கு உடைமையாளரின் கையெழுத்து தேவை என்பது அதன் ஓட்டை. குறைகள் உண்டு. ஆனால் 'முடியாது' என்பது பொய் என்று இவை காட்டுகின்றன.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று, கணக்கு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சொட்டுநீர், பண்ணைக்குட்டை, ஆழ்துளைக் கிணறு, மண்வளத் திட்ட மானியங்கள் ஊர்வாரியாக எத்தனை பட்டியல் சமூகக் குடும்பங்களுக்கு, எத்தனை பெண்களுக்கு, எத்தனை குத்தகைதாரர்களுக்குப் போயின என்பதை அரசு வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நாமே கேட்க வேண்டும். இதைப் படிக்கும் தோழர் ஒவ்வொருவரும் தன் ஊராட்சிக்கு ஒரு மனு போட்டால் போதும். ஒரு மாவட்டத்தின் படம் கிடைத்துவிடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிக்கென நிதி ஒதுக்கிக் கண்காணிக்க 2024இல் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரில் கேட்கலாம்.

இரண்டு, உழுபவருக்கு உரிமை. வாய்மொழிக் குத்தகைதாரரை, உடைமையாளர் கையெழுத்து இல்லாமலேயே, கிராம சபையின் சாட்சியத்தில் பதிவு செய்து திட்டங்களுக்குத் தகுதியாக்க வேண்டும். குழாயும் மோட்டாரும் நிலத்தோடு ஒட்டியிருக்கத் தேவையில்லை; எடுத்துச் செல்லக்கூடியவை. நிலமற்ற பெண்களின் குழுக்களுக்கு அவற்றைக் கொடுக்கலாம்.

மூன்று, நீரில் பங்கு. பொதுப்பணத்தில் தூர்வாரும் ஏரியின் நிர்வாகக் குழுவில் நிலமற்றவர்களுக்கும் சட்டப்படி இடம் வேண்டும். மீன் குத்தகை, கரை மரம் போன்ற ஏரி வருமானத்தில் அதை வெட்டிய கைகளுக்குப் பங்கு வேண்டும்.

நான்கு, நிலம். 1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பின் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இன்னும் பிறர் கையில் இருக்கின்றன. அதைக் கேட்டதற்காக 1994இல் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச்சூட்டில் உயிர் கொடுத்தார்கள். நிலமற்ற ஆதிதிராவிடப் பெண்கள் நிலம் வாங்க, 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தரும் நன்னிலம் திட்டத்தைத் தாட்கோ நடத்துகிறது. அதைச் சில நூறு பேரோடு நிறுத்தாமல் விரிவாக்க வேண்டும். வாங்கும் நிலத்துக்குக் கிணறும் மின் இணைப்பும் சேர்ந்தே வர வேண்டும். நீரில்லாத நிலத்தைக் கொடுத்துவிட்டு 'கொடுத்தோம்' என்பது ஏமாற்று.

அம்பேத்கர் 1927இல் மகாடில் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடித்தபோது கேட்டது நீரின் மீது சம உரிமை. 1947இல் அரசமைப்புக்காக அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் நிலம் அரசுடைமையாகி, சாதி வேறுபாடின்றிக் கிராம மக்களுக்கு உழக் கொடுக்கப்பட வேண்டும், நிலவுடைமையாளர், குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்ற பிரிவே இருக்கக் கூடாது என்றார். நீரும் நிலமும் அவருக்கு இரண்டு கோரிக்கைகள் அல்ல.

நாமும் இரண்டையும் சேர்த்தே கேட்போம். அடுத்த கிராம சபையில் நீர்ச் சேமிப்புப் பயனாளிகள் பட்டியலை வாசிக்கச் சொல்வோம். அதில் சேரியிலிருந்து எத்தனை பெயர் என்று எழுந்து கேட்போம். பதிலைத் தீர்மான ஏட்டில் எழுதச் சொல்வோம்.